பிலடெல்பியா சென்ற பெருமாட்டி: டாக்டர் ஆனந்திபாய் ஜோஷியின் வரலாறு

கல்யாண் என்னும் ஊரை அறியாத தமிழர் மும்பைப் பகுதியில் இரார். நாள்தோறும் அலுவலுக்குச் செல்லும் நம்மவர் பலர் ஏறி இறங்கும் நிலையம் அது. சென்னையிலிருந்து வரும் உற்றாரை எதிர்கொண்டு அழைத்துவர நாம் காத்து நிற்கும் நிலையமும் அதுவே. அவ்வூரில் ஓடி விளையாடிய ஒரு சிறுமி, 1883ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், கணவரின் துணையுமின்றிக் கடல் கடந்து அமெரிக்கா சென்று மருத்துவப் பட்டம் பெற்றார் என்னும் செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மராத்திய மக்கள் அவரை மறக்கவில்லை. 1968ஆம் ஆண்டில் ஸ்ரீ. ஜ. ஜோஷி எழுதிய ஆனந்தி கோபாள் என்னும் புதினமும், 2019இல் அதே பெயரில் வெளிவந்த திரைப்படமும் அவர் கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அவர்களுடைய மண்ணில் வாழ்ந்து, அவர்களோடு கலந்து பழகும் நாமும் அவ்வம்மையாரை அறிந்துகொள்வது முறையேயாகும்.

இம்மலரில் அவர் வரலாற்றை எழுத மற்றொரு காரணமும் உண்டு. இன்று நம் காலனியில் பிள்ளையையோ பெண்ணையோ மேற்படிப்புக்காக வெளிநாடு அனுப்பிய வீடுகள் பல. அனுப்ப எண்ணியிருக்கும் வீடுகள் அதனினும் பல. குழந்தை அங்கே என்ன உண்ணும், குளிரை எவ்வாறு தாங்கும், நம் வழக்கங்களை மறந்துவிடுமோ என்று பெற்றோர் கலங்குகின்றனர். இதே வினாக்களை 1883ஆம் ஆண்டில் ஒரு நாடே திரண்டு ஓர் இளம்பெண்ணிடம் கேட்டது. அவர் விடையும் அளித்தார். அவ்விடைக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

பிறப்பும் மணமும்

ஆனந்திபாய் 1865ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பிறந்தார். பிறந்த வீட்டில் அவருக்கு இட்ட பெயர் யமுனை. கல்யாணில் நிலபுலங்களோடு வாழ்ந்து, பின்னர்ச் செல்வம் குன்றிய சித்பாவன அந்தணர் குடும்பம் அவருடையது. அக்கால வழக்கப்படி ஒன்பதாம் வயதிலேயே அவருக்கு மணம் முடிந்தது. மணமகன் கோபாள்ராவ் ஜோஷி என்பவர் தபால் இலாகாவில் குமாஸ்தா, மனைவியை இழந்தவர், மணமகளைவிட ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவர். மணத்திற்குப் பின் யமுனை என்ற பெயர் ஆனந்தி என்று மாறியது.

கோபாள்ராவ் விந்தையான மனிதர். மற்ற ஆடவர் மனைவி அடுக்களையில் இல்லையே என்று சினந்த காலத்தில், இவர் மனைவி புத்தகத்தின்முன் இல்லையே என்று சினந்தார். மனைவிக்குத் தாமே எழுத்தறிவித்தார். மராத்தியும் வடமொழியும் ஆங்கிலமும் கற்பதற்கு வழி செய்தார். உறவினரின் தலையீட்டால் படிப்புக் கெடும் என்று அஞ்சி, வேற்றூர்களுக்கு மாற்றல் பெற்றுச் சென்றார். அலிபாக், கோலாப்பூர், பம்பாய், கச்சு நாட்டின் பூஜ், பின்னர்க் கல்கத்தா, சீராம்பூர் என்று அவர்களது வாழ்க்கை ஊர் ஊராக நகர்ந்தது. அலுவல் காரணமாகப் பிறந்த மண்ணை விட்டு வந்து, புதிய ஊரில் புதிய மொழியின் நடுவே குடித்தனம் நடத்துவது எத்தகையது என்பதை நாம் அறிவோம்; பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அச்சிறுமியும் அதை அறிந்தார்.

இக்கணவரைப் பெண் கல்வியின் காவலர் என்று மட்டும் புகழ்ந்து செல்வது உண்மைக்கு மாறாகும். பாடம் படிக்காவிடில் அவர் அடித்தார். கையிலகப்பட்டதை எடுத்து எறிந்தார். விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டினார். கல்வி அந்தச் சிறுமிக்கு வரமாகவும் வந்தது, தண்டனையாகவும் வந்தது. இதனைப் பிற்காலத்தில் அம்மையாரே எழுதி வைத்தார். அதைப் பின்னர்க் காண்போம்.

பத்து நாள் வாழ்ந்த மகவு

பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண் மகவைப் பெற்றார். அக்குழந்தை பத்து நாளே உயிர் வாழ்ந்தது. தக்க மருத்துவ உதவி கிடைக்காமையே அதற்குக் காரணம். அந்நாளில் மருத்துவர் பெரும்பாலோர் ஆடவர். உயர்குலப் பெண்டிர் ஆடவர்முன் வந்து நோயைச் சொல்ல நாணினர். வீட்டாரும் அதற்கு இசைந்திலர். பிள்ளைப் பேற்றின் போது நேரும் இடர்கள் பயிற்சியில்லாத மருத்துவச்சியின் கையிலேயே விடப்பட்டன. நோய் தீரும் வழி ஊரில் இருந்தும், நாணத்தால் மாண்ட பெண்கள் எத்தனை ஆயிரவர் என்று கணக்கிட்டவர் இல்லை.

இத்துயரத்திலிருந்து ஆனந்திபாய் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்களின் நோயைப் பெண்களே கேட்க வேண்டும். பெண்களே தீர்க்க வேண்டும். அதற்குத் தாமே மருத்துவர் ஆக வேண்டும் என்பதே அம்முடிவு. அது கணவர் வகுத்த பாடத்திட்டத்தில் இல்லாதது. அவரே கண்ட நெறி. அடிக்கு அஞ்சிப் படித்த சிறுமி, அன்றுமுதல் தம் உள்ளத்தின் ஏவலால் படிக்கத் தொடங்கினார்.

கடிதம் தேடித் தந்த உறவு

கோபாள்ராவ் 1878ஆம் ஆண்டில் ராயல் வைல்டர் என்னும் அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதி, தம் மனைவியின் கல்விக்கு அமெரிக்காவில் வழி உண்டா என்று வினவினார். கிறித்தவ மதத்தைத் தழுவினால் உதவலாம் என்ற கருத்தில் விடை வந்தது. தம்பதியர் இசையவில்லை. பாதிரியார் அக்கடிதத்தையும் தம் விடையையும் தாம் நடத்திய இதழில் வெளியிட்டுவிட்டார். காரியம் அதனோடு முடிந்தது என்றே தோன்றியது.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ரோசெல் என்னும் சிற்றூரில் தியோடிசியா கார்ப்பெண்டர் என்ற இல்லத்தரசியார் இருந்தார். 1880ஆம் ஆண்டில் ஒரு நாள் பல் மருத்துவரைக் காணச் சென்று காத்திருந்தபோது, அங்குக் கிடந்த பழைய இதழைப் புரட்டினார். இந்தியத் தபால் குமாஸ்தாவின் கடிதம் கண்ணிற்பட்டது. அவர் நெஞ்சு நெகிழ்ந்தது. உடனே முன்பின் அறியாத அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். ஆனந்திபாயும் விடை எழுதினார். அக்கடிதப் போக்குவரவு ஆண்டுக் கணக்கில் நீண்டது. கார்ப்பெண்டர் அம்மையாரை ஆனந்திபாய் சிற்றன்னை என்றே முறைவைத்து அழைக்கலானார்.

இதற்கிடையே ஆனந்திபாயின் உடல்நலம் குன்றிவந்தது. ஓயாத தலைவலியும், அடிக்கடி காய்ச்சலும், மூச்சுத் திணறலும் அவரை வாட்டின. கார்ப்பெண்டர் அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பியும் பயனில்லை. நோயுற்ற உடலோடுதான் அவர் நெடும்பயணத்திற்கு ஆயத்தமானார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சீராம்பூர்ச் சொற்பொழிவு

பயணச் செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. கடல் கடத்தல் குலத்துக்குக் கேடு என்றனர் சிலர். பெண் தனியே செல்வதா என்றனர் வேறு சிலர். கிறித்தவராகித் திரும்புவாள் என்றனர் பலர். பேசுவோர் ஆளுக்கொன்று பேசட்டும் என்று ஆனந்திபாய் ஒதுங்கியிருக்கவில்லை. 1883ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், வங்காளத்தில் சீராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில், திரண்டிருந்த அவைமுன் எழுந்து நின்றார். தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களைத் தாமே வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் விடை கூறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டும் நிரம்பவில்லை.

இந்தியாவிலேயே படிக்கக்கூடாதா என்பது ஒரு வினா. இதற்கு விடையளிக்கையில் அவர் நம் சென்னையைக் குறிப்பிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்ட பெருமை உடையது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வாயில் பெண்களுக்குத் திறவாதிருந்தமையால், பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸின் துணைவியான அபலா, மருத்துவம் பயில 1882இல் சென்னைக்கே வந்தார். ஆயினும் இந்நாட்டில் பெண்களுக்குக் கிடைத்த பயிற்சி நிறைவானதன்று என்றும், கற்பிப்போர் பழமையில் ஊறியவர்களாகவும் ஓரளவு பொறாமை கொண்டவர்களாகவும் உள்ளனர் என்றும் ஆனந்திபாய் ஒளிக்காமல் கூறினார். கல்கத்தாத் தெருக்களில் நடந்தபோது தமக்கு நேர்ந்த ஏளனத்தையும் அவையில் எடுத்துரைத்தார்.

கணவர் ஏன் உடன் செல்லவில்லை என்பது மற்றொன்று. அவருடைய தாயும் உடன்பிறந்தாரும் அவர் ஊதியத்தையே நம்பியிருந்தனர். இருவர் செல்லப் பொருளும் இல்லை. குலத்திலிருந்து விலக்கப்படுவாரே என்பது அனைவரையும் உறுத்திய வினா. அங்கும் இங்கு வாழ்வது போலவே வாழப்போவதாகவும், உடையும் உணவும் மாற்றப்போவதில்லை என்றும், இந்துவாகச் சென்று இந்துவாகவே திரும்பப்போவதாகவும் அவர் உறுதி கூறினார்.

அச்சொற்பொழிவு நாட்டில் பலருடைய உள்ளத்தைத் தொட்டது; பல பகுதிகளிலிருந்தும் பொருளுதவி வந்தது. ஆனால் அவையின்முன் கூறிய உறுதிமொழி அன்றுமுதல் அவருக்கு ஒரு கட்டாகவும் ஆயிற்று.

நகரமும் கல்லூரியும்

1883 ஏப்ரல் மாதத்தில், சமயத் தொண்டில் ஈடுபட்ட அமெரிக்கப் பெண்மணிகள் சிலருடன் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்; ஜூன் மாதத்தில் நியூயார்க் சேர்ந்தார். கடிதத்தில் மட்டுமே அறிந்திருந்த கார்ப்பெண்டர் அம்மையார் துறைமுகத்திற்கு வந்து வரவேற்று, ரோசெல் ஊரில் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். கோடைக்காலத்தை அக்குடும்பத்தின் அன்பில் கழித்துவிட்டு, இலையுதிர் காலத்தில் ஆனந்திபாய் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அந்நகரமும் கல்லூரியும் சிறிது அறியத்தக்கவை. 1776இல் அமெரிக்க நாடு தன் விடுதலையைப் பறைசாற்றிய நகரம் பிலடெல்பியா. குவேக்கர் என்னும் சமயத்தார் அங்கு மிகுதி. ஆணும் பெண்ணும் இறைவன்முன் ஒன்றே என்னும் கொள்கையர். அவர்களுடைய முயற்சியால் 1850இல் பெண்களுக்கென்றே இம்மருத்துவக் கல்லூரி தோன்றியது. பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவென்றே உலகில் எழுந்த மிகப் பழைய கல்லூரிகளுள் இதுவும் ஒன்று.

அந்நாட்டிலும் பெண் மருத்துவர்க்கு மலர்ப்பாதை விரித்தாரில்லை. 1869ஆம் ஆண்டில் இக்கல்லூரி மாணவியர், நகரின் பெரிய மருத்துவமனையில் ஆசிரியர் நோயாளியை வைத்து நடத்திய பாடம் கேட்கச் சென்றபோது, ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு இழிவுபடுத்தினர். அம்மாணவியர் பின்வாங்கவில்லை. கல்கத்தாத் தெருவில் ஏளனத்தைத் தாங்கிய ஆனந்திபாய், அதே வகை ஏளனத்தை வென்ற கல்லூரிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

இந்தியாவோடு அக்கல்லூரிக்கு முன்னமே தொடர்பு உண்டு. அங்கு 1869இல் பட்டம் பெற்ற கிளாரா சுவெய்ன் அம்மையார் மறு ஆண்டே பரேலிக்கு வந்து, பெண்களுக்கென மருத்துவமனை கண்டார். அங்குப் பயின்ற அன்னா குக்ளர் அம்மையார், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு 1883ஆம் ஆண்டிலேயே வந்தார். ஒரே ஆண்டில் அங்கிருந்து ஒருவர் மருத்துவம் செய்ய இங்கே வந்தார். இங்கிருந்து ஒருவர் மருத்துவம் கற்க அங்கே சென்றார்.

கல்லூரித் தலைவி ராச்செல் பாட்லி அம்மையார் வேதியியல் பேராசிரியர். இந்தியப் பெண் எழுதிய விண்ணப்பத்தைப் படித்து, உதவித் தொகையும் அளித்து ஏற்றுக்கொண்டவர் அவரே. ஆண் மருத்துவரின் உதவியை ஏற்பதினும் உயிர்விடுவதை மேலாகக் கருதும் தம் நாட்டுப் பெண்களுக்கு உண்மையான மருத்துவ உதவி அளிப்பதே தம் நோக்கம் என்று அவ்விண்ணப்பத்தில் ஆனந்திபாய் தெளிவாக எழுதியிருந்தார்.

முதற்பருவம்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் அக்காலத்துப் பெரும்பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆனந்திபாயின் முதற்பருவம் முழுவதும் பனிக்காலத்தில் அமைந்தது. பம்பாய்க் கடற்காற்றிலும் வங்காளத்துப் புழுக்கத்திலும் வளர்ந்த உடல் அது. பிலடெல்பியாவிலோ ஜனவரி மாதத்தில் நீர் உறைந்து கட்டியாகும்.

படிப்பும் எளிதன்று. உடற்கூறு, உடலியல், வேதியியல், மருந்தியல், மகப்பேற்று மருத்துவம் என்று பாடங்கள் விரிந்தன, அனைத்தும் அயல்மொழியில். உடற்கூற்றுப் பாடத்திற்கு உயிரற்ற உடலை அறுத்துப் பார்த்தல் வேண்டும். இழவு வீட்டுக்குச் சென்று வந்தாலே தலைமுழுக வேண்டும் என்னும் ஆசாரத்தில் வளர்ந்தவர், கத்தியைக் கையில் எடுத்து நரம்பும் தசையும் பிரித்தறியக் கற்றார். அதைத் தீட்டு என்று கருதி அவர் திரும்பவில்லை. கற்கவேண்டிய கல்விக்கு இன்றியமையாத எதையும் அவர் மறுக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

உணவில் அவர் தம் உறுதியைக் காத்தார். புலால் உண்ணவில்லை. அந்நாளைய அமெரிக்காவில் புலால் விலக்கியவர்க்கு வாய்த்த உணவு மிகக் குறைவு. நம் பருப்பும் மசாலையும் கிடைக்கும் கடை தெருவுக்குத் தெரு இருக்கும் காலமன்று அது. உண்டது குளிருக்குப் போதவில்லை, உழைப்புக்கும் போதவில்லை.

உடையிலோ அவர் செய்த ஒரு மாற்றம் சிறியது. ஆயினும் பொருள் செறிந்தது. மராத்திய அந்தண மகளிர் கச்சமிட்டு உடுத்தும் நீண்ட புடவை கணுக்காலை மறைப்பதில்லை. குளிருக்கும் அது ஏற்றதன்று. கால் தெரிவதை நாகரிகக் குறைவாகக் கருதிய அந்நாட்டார் கண்ணுக்கும் பொருந்துவதன்று. ஆனந்திபாய் புடவையை விடவில்லை. குஜராத்தி மகளிர் உடுத்தும் முறையில், அடி வரை மறையும்படி உடுத்தலானார். ஆடை அதுவே, உடுத்தும் முறை வேறு. இதையும் கணவருக்கு எழுதித் தெரிவித்தார்.

அயலூரில் வாழ்வோர் அனைவரும் நாள்தோறும் தீர்க்கவேண்டிய கேள்வி இதுதான் அன்றோ? எதை விடலாம், எதை விடலாகாது, எதை விடாமலே மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவ்விளம் மாணவி தாமே ஆராய்ந்து முடிவு செய்தார். அருகிலிருந்து சொல்லித்தரத் தாயும் இல்லை, தமக்கையும் இல்லை.

கடிதத்தில் பிறந்த துணிவு

இல்லத்திலிருந்து தொலைவில் இருப்பது துன்பம். அதில் ஒரு நன்மையும் உண்டு. அருகில் நின்று சொல்ல இயலாதவற்றைத் தொலைவிலிருந்து எழுத இயலும். ஒன்பது வயதுமுதல் கணவரின் சொல்லுக்கு அடங்கி வாழ்ந்த ஆனந்திபாய், பிலடெல்பியாவில் தம் அறையில் அமர்ந்து, தம்மை அவர் நடத்திய விதத்தைப் பற்றி அவருக்கே எழுதினார். பத்து வயதில் விறகுக் கட்டையால் அடித்ததையும், நாற்காலியையும் நூல்களையும் எடுத்து எறிந்ததையும், பன்னிரண்டு வயதில் கைவிட்டுப் போவதாக மிரட்டியதையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கூறினார். அவர் செய்தது நன்றா தீதா என்று தீர்ப்பது அரிது என்றும், இரண்டும் கலந்ததே என்றும் நடுநிலையோடு எழுதினார். வாய் திறந்து கணவனுக்கு அறிவுரை கூறும் உரிமை இந்துப் பெண்ணுக்கு இல்லை என்பதையும் குறிப்பிட்டார். அதே கடிதத்தில் அவ்வுரிமையை அவரே எடுத்துக்கொண்டார்.

நன்றியை மறவாமலும் உண்மையை மறைக்காமலும் எழுதுவது எளிதன்று. மருத்துவப் பட்டத்தினும் அரிய ஒரு தேர்ச்சியை அவர் அம்மேசையில் பெற்றார் என்றே கூறலாம்.

கோபாள்ராவ் 1885ஆம் ஆண்டில் தாமும் அமெரிக்கா வந்து சேர்ந்தார். மேடைதோறும் அமெரிக்க வாழ்க்கையைக் கடிந்து பேசினார். மனைவியை மகள்போற் காத்த குடும்பத்தாரின் மனமும் அதனால் நொந்தது. இரு திறத்தாரிடையேயும் ஆனந்திபாய் பொறுமையோடு நின்றார்.

பட்டமும் பிணியும்

1885 அக்டோபர் 10ஆம் நாள் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது. மூன்று பெண்கள் தத்தம் நாட்டு உடையில் காட்சி தருகின்றனர். புடவையில் ஆனந்திபாய், கிமோனாவில் சப்பான் நாட்டுக் கெய்க்கோ ஒக்காமி, சிரியா நாட்டு உடையில் சபாத் இசுலாம்பூலி. மூவரும் அக்கல்லூரி மாணவியர். தாய்நாட்டிலிருந்து படிக்க வந்த பெண் தாம் ஒருவரே அல்லர் என்பது ஆனந்திபாய்க்கு எத்தகைய ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சங்கம் கூடி மகிழும் நாம் எளிதில் உணரலாம்.

பட்டத்திற்கென அவர் எழுதிய ஆய்வுரையின் பொருள், இந்து மக்களிடையே வழங்கிய மகப்பேற்று மருத்துவம். ஆயுர்வேத நூற்செய்திகளையும் அமெரிக்கப் பாடநூல்களையும் இணைத்து அதனை எழுதினார். தாம் இழந்த மகவின் நினைவு அத்தலைப்பில் ஒளிந்திருந்தது என்று எண்ணுவதில் பிழையில்லை.

1886ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பட்டமளிப்பு விழா நடந்தது. உறவினரான பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்து அவ்விழாவைக் கண்டார். பேரரசி விக்டோரியாவுக்குக் கல்லூரித் தலைவி செய்தி அனுப்ப, அங்கிருந்து வாழ்த்து வந்தது. இருபத்தோராம் வயது நிறைய இருபது நாள் இருக்கையில், ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெற்றார். மேனாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்ற இந்தியப் பெண்களுள் முன்னோடி ஆனார். அதே 1886ஆம் ஆண்டில் காதம்பினி கங்கூலி அம்மையார் கல்கத்தாவில் மருத்துவத் தகுதி பெற்றார் என்பதும் உடன் கூறத்தக்கது.

ஆனால் பட்டத்தோடு பிணியும் முற்றியது. காசநோய் அவரைப் பற்றியிருந்தது. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் 1882இல்தான் கண்டறிந்தார். அதனை ஒழிக்கும் மருந்தோ 1940களில்தான் கிடைத்தது. மருத்துவம் கற்றவருக்கே, தம்மைக் கொல்லும் நோய்க்கு மருந்தில்லாக் காலம் அது.

தாயகம் திரும்பல்

கோலாப்பூர் அரசு, ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் மகளிர் பகுதியின் பொறுப்பை ஏற்குமாறு அவரை அழைத்தது. அவர் விரும்பிய பணி அதுவே. 1886ஆம் ஆண்டின் இறுதியில் கணவரோடு தாயகம் திரும்பினார். ஒரு காலத்தில் ஏளனம் செய்த நாடு இப்போது மாலையோடு வரவேற்றது. ஆயினும் அவரால் பணியில் அமர இயலவில்லை. பூனா நகரில் உறவினர் நடுவே படுத்த படுக்கையானார். 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் உயிர் நீத்தார். இருபத்திரண்டாம் வயது நிறைய ஒரு திங்களே எஞ்சியிருந்தது.

அவருடைய அஸ்தி கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சி என்னும் ஊரில், தம் குடும்பத்தார் துயிலும் இடத்திலேயே அவ்வம்மையார் அதனை அடக்கம் செய்து கல்லும் நாட்டினார். பல் மருத்துவர் வீட்டில் தற்செயலாகப் புரட்டிய ஓர் இதழால் பிறந்த உறவு, கல்லறை வரை தொடர்ந்தது.

விளைந்த பயன்

கோலாப்பூரில் ஒரு நோயாளிக்கேனும் மருந்தளிக்குமுன் மாண்டவரின் வாழ்வால் பயன் என்ன என்று கேட்பார் உண்டு. மறு ஆண்டே, 1888இல், கரோலின் ஹீலி டால் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். காசிபாய் கானிட்கர் அம்மையார் மராத்தியில் எழுதினார். அவர் சென்ற கல்லூரிக்கே பின்னர்க் குருபாய் கர்மார்க்கர் சென்று 1892இல் பட்டம் பெற்று வந்து, பம்பாயில் பல்லாண்டு மருத்துவப் பணி புரிந்தார். ருக்மாபாய் லண்டன் சென்று மருத்துவம் கற்று, 1894இல் தகுதி பெற்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு தொண்டாற்றினார். நம் தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒருவர் மற்றவரைப் பார்த்தே நடந்தார் என்று கூற இயலாது. ஆனால் முதலில் செல்பவர் காட்டில் தடம் பதிக்கிறார். பின் வருவோர்க்கு அது வழியாகிறது. இன்று வெள்ளிக்கோளில் உள்ள ஒரு பள்ளத்திற்கும் அவர் பெயர் இடப்பட்டுள்ளது.

பெற்றோர் சிந்தனைக்கு

அவர் உறுதியை நாம் போற்றுகிறோம், போற்ற வேண்டும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். உணவும் உடையும் மாற்றமாட்டேன் என்னும் உறுதிமொழியைக் கொடுத்தவர் அவர். கேட்டுப் பெற்றது சமுதாயம். குலத்திலிருந்து விலக்குவோம் என்று அச்சுறுத்தியவர் இல்லாதிருந்தால், குளிருக்கேற்ப உண்ணவும் உடுக்கவும் அப்பெண்ணுக்கு மனத்தடை குறைந்திருக்கும். காசநோய்க்கு உணவும் குளிரும் மட்டுமே காரணம் என்பது அறிவியலுக்கு ஒவ்வாது. ஆனால் நோய்ப்பட்ட உடலின்மீது அத்தனை பெரிய சுமையை ஏற்றியதில் ஊராருக்குப் பங்கில்லை என்றும் கூறவொண்ணாது.

நம் வீட்டுப் பிள்ளைகளை வழியனுப்பும்போது, இதை உண்ணாதே, அதை உடுக்காதே, எங்களைத் தலைகுனிய வைக்காதே என்று பட்டியலிட்டு உறுதிமொழி வாங்குகிறோம். அன்பினால் வாங்குகிறோம், அச்சத்தினாலும் வாங்குகிறோம். ஆனந்திபாயின் வரலாறு நமக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது. புடவையை விடாமல் உடுத்தும் முறையை மாற்றிக்கொள்ளும் அறிவு அவரிடமே இருந்தது. அதை எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. நல்ல வித்தை ஊன்றி வளர்த்த பிள்ளைக்கு எதைக் காக்க வேண்டும் என்பது தெரியும். அந்த நம்பிக்கையை வழிச்சோறாகக் கட்டிக்கொடுத்தல் வேண்டும். உடல்நலம் பற்றி அடிக்கடி கேட்டறிதல் வேண்டும். மனத்தில் உள்ளதை, அது நமக்குக் கசப்பதாயினும், எழுதவும் சொல்லவும் இடந்தருதல் வேண்டும்.

அடுத்த முறை கல்யாண் நிலையத்தில் உறவினரை எதிர்நோக்கி நிற்கும்போது, அவ்வூரில் வளர்ந்து, ஊர் ஊராகச் சென்று, கடலையும் கடந்து, பிறர் நோய் தீர்க்கக் கற்றுத் தம் நோய்க்கு இரையான அவ்விளம் மருத்துவரை ஒரு கணம் நினைப்போமாக. நம்முடன் நிற்கும் குழந்தைகளுக்கும் அவர் பெயரைச் சொல்வோமாக.